எடுத்துக் கொடுத்தவள்

குருநகரில் பெரிய வெள்ளிக்கு முந்திய நாற்பது நாள் தவசு காலம் பிறந்தால் மற்ற எல்லாப் பாட்டும் அடங்கிவிடும். கலியாண வீடுகள் இருக்காது. ஒலிபெருக்கிக்காரன் தன் பெட்டிகளைச் சாக்குப் போட்டு மூடிவிடுவான். வலை பொத்துகிறவர்கள்கூட வாய்க்குள்தான் முணுமுணுப்பார்கள். அந்த நாட்களில் ஊருக்குக் கேட்கிற குரல் ஒன்றுதான். அது யாகப்புவின் மனைவி லூர்த்தம்மாவின் குரல். ஆண்டவருடைய பாடுகளைச் சொல்லும் பசாம் பாட்டில் மாதாவின் புலம்பல் அவளுடைய பங்கு. முதலில் அவளுடைய தாய் பாடினாள், தாய்க்குப் பிறகு இவள். குமரியாய் இருந்தபோது தொடங்கியவளுக்கு நாற்பது வயதாகியும் அந்தப் பங்கை வேறு யாரும் கேட்டதில்லை.

நல்ல குரல் என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவார்கள். அந்த நிறுத்தத்துக்குள் என்ன இருக்கிறது என்று லூர்த்தம்மாவுக்குத் தெரியும். ஒருநாள் கிணற்றடி வேலிக்கு இந்தப்பக்கம் நின்றபோது அவளுடைய காதிலேயே விழுந்தது.

"பிள்ளை பெறாதவள் மாதாவின்ரை பங்கைப் பாடுறாள். என்னத்தைத் தெரிஞ்சு அழுகிறாளோ."

சொன்னவள் குரோதத்தில் சொல்லவில்லை. வாளியை இறக்கிக்கொண்டு, வெயிலைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள். அதுதான் கூடுதலாகச் சுட்டது.

பிற்காலத்தில், கடல் போய், வீடு போய், ஆளும் போனபிறகு, லூர்த்தம்மா நினைத்துப் பார்ப்பதற்கு எவ்வளவோ இருந்தன. ஆனால் மனம் திரும்பத் திரும்ப ஒரே நாளிடம்தான் போய் நிற்கும். கலவரம் நடந்த ஆடிக்கு அடுத்த தை மாதம். எண்பத்துநாலு. கடலுக்கு யாரும் இன்னும் பூட்டுப் போடாத காலம்.

யாகப்பு அப்போது கடலேரியில் களங்கட்டி வைத்திருந்தான். ஆழமில்லாத தண்ணீரில் தடிகளை வரிசையாக ஊன்றி, வலையைச் சுற்றிக் கட்டி, மீனை உள்ளே வரவிட்டுப் பிடிக்கிற தொழில். அதற்கு உப்புத் தண்ணீரில் உளுத்துப்போகாத தடி வேண்டும். நல்ல தடி பாலைத்திடலில்தான் கிடைத்தது.

கடலேரியின் கிழக்குக் கரையில், தனங்கிளப்புக்கும் அப்பால், பற்றைக்காட்டுக்குள் இருந்தது பாலைத்திடல். பத்துப் பன்னிரண்டு குடிசைகள். சுற்றியுள்ள ஊர்க்காரர் அவர்களை வேடக்குடி என்றார்கள். அவர்கள் தங்களைத் திடலார் என்று சொல்லிக்கொண்டார்கள். வயல் வெட்டினவர்களும் கோயில் கட்டினவர்களும் வரமுன்னமே தங்களுடைய ஆட்கள் அந்த மண்ணில் இருந்தார்கள் என்பது அவர்களுடைய கதை. தேன் எடுப்பார்கள், கிழங்கு கிண்டுவார்கள், முயலுக்குக் கண்ணி வைப்பார்கள், தடி வெட்டி விற்பார்கள். பாலை மரத்தடியில் அண்ணமார் என்று ஒரு கல்லை வைத்துக் கும்பிட்டார்கள். அவர்களில் மூத்தவர் பூதர். வருடத்தில் இரண்டு மூன்று தடவை தடிக்கட்டோடு குருநகருக்கு வருவார். கரையில் குந்தியிருந்து தேத்தண்ணி குடிப்பார், போவார்.

அப்படி அவர் குந்தியிருந்ததைச் செபநாயகம் சுவாமி கண்டார். சுவாமி இளம் குருவானவர், குருப்பட்டம் பெற்று இந்தப் பங்குக் கோயிலுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

"யாகப்பு, அவர் ஆர்?"

"பாலைத்திடல் பூதர், சுவாமி. எனக்குத் தடி தாற ஆள்."

"அவையின்ரை ஊருக்கு எங்கடை ஆக்கள் ஆரும் போய் ஆண்டவரைப் பற்றிச் சொன்னதோ?"

யாகப்பு தலையைச் சொறிந்தான். "எனக்குத் தெரிஞ்சு இல்லை, சுவாமி. நான் தடியைப் பற்றித்தான் கதைச்சனான்."

சுவாமி சிரித்தார். ஆனால் விட்டுவிடவில்லை. அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் உபதேசியார் மரியரட்ணத்தைக் கூப்பிட்டுப் பாலைத்திடலுக்குப் போவது பற்றி ஆலோசனை நடத்தினார். மரியரட்ணம் கண்டிப்பான மனிதர். சின்னப்பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் படிப்பிக்கும்போது ஒரு சொல் மாறினாலும் விடமாட்டார். ஆதாம் ஏவாளிலிருந்து உயிர்ப்பு வரைக்கும் துணியில் வரைந்த பெரிய படச்சுருள் ஒன்று அவரிடம் இருந்தது. அதைத் தட்டி வெயிலில் போட்டார். பெண்கள் பழைய உடுப்புச் சேர்த்தார்கள், பிள்ளைகளுக்கென்று மாவிசுக்கோத்து வாங்கினார்கள். பாட்டுக்கு லூர்த்தம்மா வரவேண்டும் என்று முடிவாயிற்று.

"சந்தோசமான பாட்டாய்ப் பாட வேணும்," என்று மரியரட்ணம் அவளுக்குச் சொல்லிவைத்தார். "முதன்முதல் போறம். அழுகைப் பாட்டொண்டும் வேண்டாம்."

"ஓம், உபதேசியார்."

விடியலில் வள்ளம் புறப்பட்டது. பனி இன்னும் தண்ணீரில் படிந்திருந்தது. கொழும்புத்துறை இறங்குதுறையும் அரியாலைக் கரையின் தென்னைகளும் பின்னால் மெல்லமெல்லச் சின்னதாகின. யாகப்பு மிசினைக் குறைத்துவைத்தான். சேற்றுத் திட்டுகளில் நாரைகள் ஒற்றைக்காலில் நின்றன. வள்ளம் கிட்டப் போகும்வரை அவை அசையவில்லை. அந்தக் காலத்தில் கடலேரிப் பறவைகளுக்கும் சத்தம் என்றால் மிசின் சத்தம்தான். லூர்த்தம்மா தலைக்குச் சேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு, மடியில் படச்சுருளை வைத்தபடி இருந்தாள். யாகப்பு கோப்பிப் போத்தலை நீட்டினான். சுவாமி குடித்தார், உபதேசியார் குடித்தார், கடைசியாக அவள். இனிப்புக் கூடிப்போன கோப்பி. அந்தக் காலையின் ருசி என்று அவளுக்கு அதுதான் நின்றது.

கரை கிட்டும்போது வள்ளம் தரை தட்டிவிட்டது. இறங்கி நடக்கவேண்டியிருந்தது. சுவாமி தன் வெள்ளை அங்கியை முழங்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் காலை வைத்ததும் பாதிக் கால் உள்ளே போயிற்று. யாகப்பு கையைக் கொடுத்தான்.

"பாத்து, சுவாமி. இஞ்சை சேறு ஆளைப் பாத்து இரங்காது."

பற்றைக்குள் ஒற்றையடிப் பாதை. ஈச்சம் பற்றையும் சூரைமுள்ளும் இரண்டு பக்கமும் அடர்ந்திருந்தன. குடிசைகள் தெரியத் தொடங்கியும் நாய் குரைக்கவில்லை. பிள்ளைகள் ஓடிவரவில்லை. யாகப்புவுக்குத்தான் முதலில் பட்டது.

"ஏதோ சரியில்லை," என்றான் மெதுவாக.

பாலை மரத்தடியில் ஊர் முழுவதும் கூடியிருந்தது. பேச்சில்லை. அண்ணமார் கல்லைப் பச்சை இலையால் மூடியிருந்தார்கள். அதற்குக் கொஞ்சம் தள்ளிப் பனையோலைப் பாயில் ஒரு பிள்ளை கிடந்தது. எட்டு ஒன்பது வயதுப் பெடியன். தலைமாட்டில் ஒரு பெண் காலை நீட்டியபடி இருந்தாள். அவளுடைய கை பிள்ளையின் நெற்றியில் இருந்தது.

பூதர் எழுந்து வந்தார். அவருடைய கண் சிவந்திருந்தது.

"நயினார், நல்ல நாளிலை வரேல்லை," என்றார் யாகப்புவிடம். "என்ரை பேரன். வேலன். நேற்றுப் பின்னேரம் விரியன் தீண்டிப்போட்டுது. சாவகச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினம். பாதி வழியிலை உயிர் போயிட்டுது."

யாகப்பு அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "நான் கடல்தொழில் செய்யிறவன், பூதர். நயினார் எண்டு சொல்லாதையும். தம்பி எண்டால் காணும்."

சுவாமி என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்ப் பிள்ளையின் காலடியில் முழந்தாளிட்டார். யாரும் தடுக்கவில்லை. மரியரட்ணம் படச்சுருளை லூர்த்தம்மாவின் கையிலிருந்து வாங்கி ஒரு மரத்தில் சாத்தினார்.

"நாங்கள் இண்டைக்குத் திரும்பிறது நல்லது," என்று அவர் முணுமுணுத்தார்.

ஆனால் யாகப்புவுக்கு ஒரு விடயம் விளங்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பிள்ளை நேற்றுப் பின்னேரம் போனது. குழி வெட்டவில்லை, குளிப்பாட்டவில்லை, ஒரு குரல் அழவில்லை. பூதரிடம் கேட்டான்.

பூதர் சொன்னார். திடலாருடைய வழக்கத்தில் செத்தவீட்டில் முதல் ஒப்பாரியை எடுத்துக் கொடுப்பதற்கு ஒரு பெண் வேண்டும். அவள் செத்தவரின் இரத்தச் சொந்தமாக இருக்கக்கூடாது. சொந்தக்காரி தொடங்கினால் போன உயிர் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு வீட்டையே சுற்றும். அந்நியக் குரல் கேட்டால்தான் அதற்குப் போகத் தெரியும். அவள் எடுத்துக் கொடுத்த பிறகுதான் தாய் அழலாம். தாய் அழுத பிறகுதான் பிள்ளையைத் தூக்கலாம். இந்த ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் சொந்தம். எடுத்துக் கொடுப்பதற்கென்று பூநகரிப் பக்கத்திலிருந்து ஒருத்தி கலியாணம் கட்டி வந்திருந்தாள். அவளும் போன மாரியில் செத்துப்போய்விட்டாள். இன்னொருத்தியைக் கூட்டிவர அவளுடைய ஊருக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்கள். போனவன் இன்னும் வரவில்லை.

"தாய் நேற்றிலையிருந்து அடக்கிக்கொண்டு இருக்கிறாள்," என்றார் பூதர். "எனக்குப் பயமாய்க் கிடக்கு, தம்பி. அவள் என்ரை மகள்."

அவர் லூர்த்தம்மாவைப் பார்த்தார். பார்த்துவிட்டு நிலத்தைப் பார்த்தார். கேட்கத் தயங்கியது எல்லோருக்கும் தெரிந்தது. கடைசியில் கேட்டார்.

"உங்களிலை ஒப்பாரி சொல்லத் தெரிஞ்ச பொம்பிளை ஆரும் இருக்கினமோ?"

மரியரட்ணத்தின் முகம் மாறியது. "சுவாமி, இது சரிவராது. அவை உயிர் சுத்தும் எண்டு நினைச்சுச் செய்யிற சடங்கு. நாங்கள் அதுக்குத் துணை போகலாமோ? எங்கடை புலம்பல் ஆண்டவருக்குப் பாடுறது."

சுவாமி முழந்தாளில் இருந்தபடியே நிமிர்ந்தார். நெற்றியில் வேர்த்திருந்தது. இப்படி ஒரு கேள்வி வரும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. "எனக்குத் தெரியேல்லை, உபதேசியார்," என்றார். பிறகு, "அக்காவைக் கேளுங்கோ," என்றார்.

லூர்த்தம்மா அந்தத் தாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முப்பது வயது இருக்கும். உதட்டைக் கடித்துக் கடித்து வீங்கியிருந்தது. கழுத்து நரம்பு புடைத்து நின்றது. மூச்சு விடுவதற்கே பயப்படுகிறவள்போல இருந்தாள். ஒரு மூச்சுத் தவறினால் அதோடு சேர்ந்து அழுகை வந்துவிடும். வந்தால் பிள்ளைக்குப் போகத் தெரியாது.

கிணற்றடியில் கேட்ட சொல் லூர்த்தம்மாவுக்கு ஞாபகம் வந்தது. என்னத்தைத் தெரிஞ்சு அழுகிறாளோ. ஒன்றும் தெரியாதுதான். ஆனால் இங்கே கேட்பது தெரிந்தவளை அல்ல. சொந்தமில்லாதவளை.

யாகப்பு அவளிடம் வந்தான். "இஞ்சாரும், உம்மடை விருப்பம்," என்றான் தணிந்த குரலில்.

அவள் போய்ப் பாயின் மறுபக்கத்தில் உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பை எடுத்துத் தலையில் போட்டாள். முதல் வரி வரவில்லை. கண்ணை மூடினாள். வருடாவருடம் பாடிய அடி, தாயின் வாயிலிருந்து காதில் விழுந்த அதே இழுவையோடு, தானாகவே வந்தது.

*ஏணையிலே உறங்கவைச்சேன், என் மகனே,*
*இன்று ஏன் மரத்தில் உறங்குகிறாய், என் மகனே.*

திடலாரின் பெண்கள் தலையைத் தூக்கினார்கள். அவர்கள் அறியாத இராகம், ஆனால் என்ன சொல்கிறது என்று எல்லோருக்கும் விளங்கியது. லூர்த்தம்மா அடுத்த அடிக்குப் போனாள்.

*முள்ளெடுத்துப் போட்டேனே, நீ நடக்க, என் மகனே,*
*முள்ளெடுத்துச் சூடினரோ உன் தலையில், என் மகனே.*

அந்த இடத்தில்தான் தாய் உடைந்தாள். குரலாக வரவில்லை அது. வயிற்றுக்குள்ளிருந்து எதையோ பிடுங்குவதுபோல வந்தது. பிள்ளையின் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, உள்ளங்காலைத் தடவித் தடவி, "ஓம், முள்ளெடுத்தனான், முள்ளெடுத்தனான்," என்று அழுதாள். சூரைமுள் மண்டிய அந்த ஊரில் ஒரு தாய்க்கு அதைவிட வேறென்ன வேலை. மற்றப் பெண்கள் ஓடிவந்து ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு தங்களுடைய பாட்டைத் தொடங்கினார்கள். இரண்டு ஒப்பாரியும் கலந்தன. லூர்த்தம்மாவைத் தாயின் தங்கச்சிமார் தோளில் பிடித்து இழுத்துத் தங்கள் வட்டத்துக்குள் சேர்த்துக்கொண்டார்கள். யாரோ ஒருத்தியின் எண்ணெய்த் தலை அவளுடைய கன்னத்தில் அழுந்தியிருந்தது. அவளும் அழுதாள். அது மாதாவின் பங்கா, தன்னுடைய பங்கா என்று அப்போது அவள் யோசிக்கவில்லை.

ஆண்கள் எழுந்தார்கள். யாகப்பு சட்டையைக் கழற்றி ஒரு கொப்பில் போட்டுவிட்டு மண்வெட்டியை வாங்கினான். சுவாமியும் அங்கியின் கையை மடித்துவிட்டு மண் அள்ளினார். கொஞ்ச நேரம் தனியே நின்ற மரியரட்ணம், தண்ணீர்க் குடம் தூக்கிவந்த ஒரு கிழவரின் கையிலிருந்து குடத்தை வாங்கிக்கொண்டு பின்னால் நடந்தார்.

எல்லாம் முடிந்து பெண்கள் கால் கழுவிக்கொண்டிருந்தபோது தாய் லூர்த்தம்மாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுடைய பெயர் வன்னிச்சி. குரல் முழுவதும் கட்டிப்போயிருந்தது.

"நாச்சியார், உங்கடை பிள்ளை எப்ப போனது?"

"அக்கா எண்டு சொல்லு. எனக்குப் பிள்ளை இல்லை."

வன்னிச்சி அவளைப் பார்த்தாள். "அப்ப ஆருக்கு அழுதனீங்கள்?"

"அது ஒரு தாயின்ரை அழுகை. மரியாள் எண்டு பேர். அவவின்ரை மகனை மரத்திலை அறைஞ்சு சாகடிச்சுப்போட்டினம்."

"ஆர்?"

"ஊராக்கள். அதிகாரத்திலை இருந்தவை."

"என்ன குற்றம் செய்தவன்?"

"ஒண்டுமில்லை."

வன்னிச்சி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "அவ பாத்துக்கொண்டு நிண்டவவோ?"

"ஓம். மரத்தடியிலை நிண்டவ."

"பாவம்," என்றாள் வன்னிச்சி. "நான் பாக்கேல்லை. ஆக்கள் தூக்கிக்கொண்டு ஓடேக்கை நான் பின்னாலை நிண்டிட்டன்." அதற்குப் பிறகு அவள் லூர்த்தம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள்.

திரும்பும்போது யாகப்பு வள்ளத்தை மெதுவாகவே ஓட்டினான். படச்சுருள் கட்டவிழ்க்காமலே திரும்பி வந்தது. மாவிசுக்கோத்தையும் உடுப்பையும் பூதரிடம் கொடுத்துவிட்டார்கள்.

"நான் ஆதாமிலையிருந்து தொடங்க இருந்தனான்," என்றார் சுவாமி கடைசியில், யாரையும் பாராமல். அங்கி முழுவதும் சேறும் மண்ணும். யாகப்புவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. சுவாமியும் சிரித்தார். பிறகு இரண்டு பேரும் சிரித்ததற்கு வெட்கப்பட்டுத் தண்ணீரைப் பார்த்தார்கள்.

மரியரட்ணம் மட்டும், "சொல்லவேண்டியதை ஒழுங்காய்ச் சொல்லேல்லை," என்றார்.

அந்த வருடம் பெரிய வெள்ளி சித்திரையில் வந்தது. கோயில் நிரம்பியிருந்தது. வியாகுலமாதா சுரூபத்துக்குக் கறுப்புப் பட்டு உடுத்திப் பீடத்துக்கு இடப்பக்கத்தில் வைத்திருந்தார்கள். ஊர் முழுவதும் உபவாசம். லூர்த்தம்மா புலம்பலுக்கு ஆயத்தமாகிப் பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் இருந்தாள். வாசலில் ஏதோ சலசலப்பு. திரும்பிப் பார்த்தாள். வன்னிச்சி நின்றாள். பக்கத்தில் பூதர். வன்னிச்சியின் இடுப்பில் பனையோலைப் பெட்டி, மேலே வாழையிலை மூடியிருந்தது. வாசலில் நின்ற பெடியங்கள் அவளை உள்ளே விடுவதா இல்லையா என்று தெரியாமல் நின்றார்கள்.

லூர்த்தம்மா எழுந்து போனாள். "வன்னிச்சி, எப்பிடி வந்தனீ?"

"நடந்தும் பஸ்ஸிலையும் வந்தனாங்கள். இண்டைக்குத்தான் அந்தப் பிள்ளையின்ரை செத்தவீடு எண்டு தம்பி தடி வாங்க வரேக்கை சொன்னவர்." தம்பி என்றது யாகப்புவை. "தாய் எங்கை இருக்கிறா?"

லூர்த்தம்மா சுரூபத்தைக் காட்டினாள். கறுப்புப் பட்டையும் கன்னத்தில் வரைந்த கண்ணீரையும் வன்னிச்சி நின்று பார்த்தாள்.

அதற்குள் மரியரட்ணம் வந்துவிட்டார். "என்ன பெட்டி?"

"சோறும் கிழங்கும்," என்றாள் வன்னிச்சி. "செத்தவீட்டிலை அடுப்பு மூட்டமாட்டினம். அவ நேற்றிலையிருந்து சாப்பிட்டிருக்க மாட்டா."

கோயிலுக்குள் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. பெரிய வெள்ளியன்று கோயிலுக்குள் சோறு வந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. எல்லோரும் மரியரட்ணத்தைப் பார்த்தார்கள். அவர்தான் சட்டம் தெரிந்தவர். அவர் பெட்டியைப் பார்த்தார், பிறகு வன்னிச்சியின் காலைப் பார்த்தார். புழுதி முழங்கால்வரை ஏறியிருந்தது. பாலைத்திடலில் குடம் தூக்கி நடந்த வழி அவருக்கு நினைவில் வந்ததோ என்னவோ, திரும்பிப் போய்ச் சுரூபத்தின் காலடியில் இருந்த மெழுகுதிரித் தட்டை இரண்டு கையாலும் தூக்கி ஒருபக்கமாக வைத்தார். ஒரு பெட்டி வைக்கிற அளவுக்கு இடம் வந்தது.

வன்னிச்சி பெட்டியை அங்கே வைத்தாள். இலையை விலக்கிவிட்டாள். பிறகு பெண்களோடு நிலத்தில் உட்கார்ந்தாள்.

அன்று லூர்த்தம்மா பாடிய புலம்பலைப் பற்றி ஊரில் கனகாலம் கதைத்தார்கள். கிணற்றடியில் அந்தச் சொல்லைச் சொன்னவளும் வந்து கையைப் பிடித்து, "இந்தமுறை என்னாலை இருக்க முடியேல்லை, லூர்த்து," என்றாள். நன்றாகப் பாடியதாக லூர்த்தம்மாவுக்குத் தோன்றவில்லை. இரண்டு இடத்தில் அடி தப்பியது. அவள் மாதாவைப் பார்த்துப் பாடவில்லை, நிலத்தில் இருந்த ஒருத்தியைப் பார்த்துப் பாடினாள்.

பின்னேரம் அந்தச் சோற்றை யாகப்பு வீட்டில் நாலு பேருமாகப் பகிர்ந்து சாப்பிட்டார்கள். கிழங்கில் தேன் ஊற்றியிருந்தது.

மூன்று வருடம் வன்னிச்சி அப்படி வந்தாள். சுவாமி திடலுக்கு மாதத்துக்கு ஒருமுறை போய்வரத் தொடங்கினார். படச்சுருளும் ஒருநாள் விரிந்தது. இரண்டு குடும்பங்கள் ஞானஸ்நானம் எடுத்தன. வன்னிச்சி எடுக்கவில்லை. சுவாமி ஒருநாள் அவளிடமே கேட்டார்.

"அந்தத் தாயை எனக்குத் தெரியும், சுவாமி," என்றாள் அவள். "மற்ற ஆக்களை இன்னும் அவ்வளவாய்த் தெரியாது."

சுவாமி மறுபடியும் அதைக் கேட்கவில்லை.

பிறகு கடலேரியில் பயணம் குறைந்தது. கரையில் சுடுகிற சத்தம் வந்தது. எண்பத்தேழில் சண்டை, அதற்குப் பிறகு இன்னொரு சண்டை. களங்கட்டித் தடிகள் ஊன்றிய இடத்திலேயே வெறுமையாக நின்றன. தொண்ணூற்றொன்றில் ஒரு விடியலில் யாகப்பு, தடையென்று தெரிந்தும், வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போனான். வீட்டில் அரிசி இல்லை. அவன் திரும்பவில்லை. வள்ளத்தின் ஒரு பலகை மட்டும் அரியாலைக் கரையில் ஒதுங்கியதாக ஆட்கள் சொன்னார்கள். லூர்த்தம்மாவுக்குப் பார்ப்பதற்கு உடம்பு இல்லை, போவதற்குக் குழி இல்லை. குருநகரின் கரையோர வீடுகள் எறிகணையில் இடிந்தபோது சனம் சிதறியது. அவளுக்குச் சாவகச்சேரியில் ஒரு பாடசாலைக் கட்டடத்தில் மூலை கிடைத்தது. பாட்டு நின்றுவிட்டது. யாராவது கேட்டால் தொண்டை சரியில்லை என்று சொல்லிவிடுவாள்.

தொண்ணூற்றுநாலில் மாசி மாதம். சந்தையில் தேன் விற்கிறவர்களின் வரிசையைக் கடந்து போனபோது யாரோ சேலையைப் பிடித்து இழுத்தார்கள்.

"அக்கா."

வன்னிச்சி முதலில் அவளுடைய முகத்தைப் பார்த்தாள். பிறகு வெறும் கழுத்தைப் பார்த்தாள். தேன் போத்தல்களைச் சாக்கில் அடுக்கிப் பக்கத்துக் கடைக்காரியிடம் ஒப்படைத்தாள். லூர்த்தம்மாவின் பையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"வாங்கோ, போவம்."

"எங்கை?"

"இப்ப நாங்கள் கரையிலை இல்லை. உள்ளுக்கை, கச்சாய் றோட்டுப் பக்கம் கொட்டில் போட்டிருக்கிறம். அப்புவும் செத்துப்போனார். நானும் தங்கச்சியும்தான்."

"நான் ஒரு நாளைக்கு வாறன், வன்னிச்சி. இண்டைக்குப் பள்ளிக்கூடத்திலை நிவாரணம் குடுக்கிறாங்கள்."

"குடுக்கட்டும்," என்றாள் வன்னிச்சி. "வாங்கோ."

லூர்த்தம்மா போனாள். ஒரு கிழமைக்கென்று போனவள் அந்தத் தவசு காலம் முழுவதும் அங்கேயே இருந்துவிட்டாள். பிறகும் திரும்பவில்லை. பாடசாலையில் இருந்த அவளுடைய பாயையும் பானையையும் வன்னிச்சியின் தங்கச்சி போய் எடுத்துவந்தாள். பகலில் கிழங்கு கிண்டப் போவார்கள். எது தின்னலாம், எது தின்னக்கூடாது என்று லூர்த்தம்மாவுக்கு வேறுபாடு தெரியாது. கையில் எடுத்ததையெல்லாம் வன்னிச்சியிடம் நீட்டுவாள், வன்னிச்சி பாதியை எறிந்துவிடுவாள்.

ஒருநாள் மத்தியானம், வேலை முடித்து வேப்பமர நிழலில் இருந்தபோது, லூர்த்தம்மா தானாகவே யாகப்புவைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினாள். கலியாணத்தன்று அவன் இரவல் சப்பாத்துப் போட்டுக் கால் கடித்து, கோயிலை விட்டு இறங்கும்போதே கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வந்தது. கோப்பிக்கு எப்போதும் சீனி கூடப் போடுகிறது. பிள்ளை இல்லை என்று ஒருநாளும் ஒரு சொல் சொல்லாதது. கதை வளர்ந்துகொண்டே போயிற்று. இடையில் இரண்டு தடவை அழுதாள், ஒரு தடவை சிரித்தாள். வன்னிச்சி கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டே கேட்டாள். வீட்டில் அரிசி இல்லாத அந்த விடியலில் கதை வந்து நின்றபோது கத்தியை வைத்துவிட்டு, "பிறகு?" என்றாள்.

லூர்த்தம்மா பிறகு நடந்ததைச் சொன்னாள்.